தரம் 8 வகுப்பறையில் நான் தொலைத்த முதல் தவணை

2018 மார்ச் மாதம் இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை காலை. இடாப்பைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. இரண்டாந்தரம் முயன்றபோது தொண்டைக்குள் மணல் உரசினது போல நொந்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "டீச்சர், தண்ணி கொண்டரவா?" என்று கேட்டாள். முந்தின வெள்ளிக்கிழமைதான் அவளை வகுப்பு முழுக்கக் கேட்க ஏசியிருந்தேன். அவள் நீட்டின போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, விறாந்தைச் சுவரோடு நின்று அழுதேன். என் வகுப்பு என் சொல் கேட்பதில்லை என்பதை இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சக ஆசிரியர்கள் கேட்டால், "ஓம், நல்ல பிள்ளைகள், பிரச்சினை இல்ல" என்பேன். புதிதாகப் போன ஒருவர் இதை வெளியே சொல்வது எவ்வளவு வெட்கமான காரியம் என்று அந்த நிலையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த வெட்கத்தால்தான் எனக்கு ஒரு முழுத் தவணை போனது. இன்னொருவருக்கும் அப்படிப் போகக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மட்டக்களப்பில் ஆரையம்பதி. கல்வியியற் கல்லூரி முடித்து, அந்த வருடம் தை மாதம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் நியமனம் கிடைத்தது. பாடம் விஞ்ஞானம், தரம் 8 க்கு வகுப்பாசிரியர், 36 பிள்ளைகள். முந்தி எங்கள் பக்கத்து ஆட்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதென்றால் மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை, ஸ்கூட்டியில் நேரே போய்விடலாம். ஆகவே பயணம் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. 7.30 க்கு மணி அடித்த பிறகுதான் கஷ்டம்.

நியமனக் கடிதம் கைக்கு வந்த கிழமையே வகுப்பறை விதிகளை எழுத உட்கார்ந்துவிட்டேன். நல்ல ஆசிரியர் முதல் நாளே கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருந்தேன். எழுத எழுத 21 விதி வந்தது. டவுணில் கொடுத்து 4 அடிக்கு 6 அடியில் பெனர் அடித்தேன், 1,850 ரூபா. முதற் சம்பளம் வரவில்லை, அம்மாவிடம் வாங்கின காசு. கதைக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் எழும்பக் கூடாது, சுணங்கி வரக் கூடாது, பாடநேரத்தில் சாப்பிடக் கூடாது, கொப்பி மறக்கக் கூடாது. 21 இல் 18 விதி 'கூடாது' என்றுதான் முடிந்தது. முதல் நாள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க வகுப்பு அப்படி அமைதி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "எனக்கு வகுப்புப் பிடிபட்டிட்டு" என்று சொன்னேன்.

புதிதாகப் போகிறவர்கள் அந்த முதல் கிழமை அமைதியை நம்பி இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் அப்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த டீச்சர் சொன்னதைச் செய்வாவா, ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் நடப்பாவா என்று தெரியும் வரைக்கும் பொறுத்திருப்பார்கள். இரண்டாம் கிழமை ஒருத்தன் மேசைக்குக் கீழே கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான். கண்டேன். பாடத்தின் நடுவே நின்றதால் காணாதது போல விட்டுவிட்டேன். அடுத்த நாள் இன்னொருத்தி பிஸ்கட் சாப்பிட்டபோது எனக்கு ஏற்கெனவே களைப்பு, கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கச்சான் சாப்பிட்டவனை ஒருதரம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்பவும் நினைவில் இருக்கிறது. அன்றோடு அந்த 21 விதியும் போனது. 21 விதி வைத்தால் 21 இடத்திலும் காவல் நிற்க வேண்டும். ஒருநாளும் எந்த மனிசராலும் அது ஏலாது. காவல் இல்லாத இடத்தைப் பிள்ளைகள் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதில் அவர்கள் பிழையும் இல்லை.

மாசியில் அபராதம் தொடங்கினேன். சுணங்கி வந்தால் 10 ரூபா, கொப்பி மறந்தால் 10 ரூபா. மைலோ டின் ஒன்றில் போட்டு வைத்தேன். 310 ரூபா சேர்ந்தபோது ஒரு பிள்ளை மூன்று நாளாக வரவில்லை. விசாரித்தால், 10 ரூபா கொடுக்க வழியில்லாமல் வீட்டில் நின்றிருக்கிறாள். காசு இருந்தவர்கள் 10 ரூபாவைக் கொடுத்துவிட்டு ஆறுதலாகச் சுணங்கி வந்தார்கள். பிள்ளைகளிடம் இப்படிக் காசு வாங்குவது பிழை என்று அதிபர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், அதற்கு இன்றைக்கும் நன்றி.

அடுத்ததாக மறுபக்கம் ஓடினேன். நல்ல பிள்ளைகளுக்குப் பேனை, ரொபி, ஸ்டிக்கர். இரண்டு கிழமைக்குள் 3,600 ரூபா போனது. முதல் நான்கு நாள் நல்லாக நடந்தது. ஐந்தாம் நாள் ஒரு பயிற்சியைக் கொடுத்தால், "இதுக்கு என்ன டீச்சர் தருவீங்க?" என்று கேட்டான் ஒருத்தன். பின்வாங்குப் பிள்ளைகள் தங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது என்று தீர்மானித்துவிட்டார்கள். எப்போதும் பரிசு வாங்குகிற அதே ஆறு பேரை மற்றவர்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் வாங்கிக் கொடுத்த பேனையால் அந்த ஆறு பேருக்கும் வந்த வினை அது.

அடுத்தது எழுதக் கஷ்டமான பகுதி. மாசிக் கடைசி, பெரும்போக வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். பின்வாங்கில் ஒரு பெடியன், அந்தக் கிழமை மூன்றாந்தரமாக 8 மணி தாண்டி வந்தான். வந்து இருந்தவன் மேசையில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டான். எழுப்பினேன், மறுகா நித்திரை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குப் பட்டது. மர அடிமட்டத்தை எடுத்து உள்ளங்கையில் இரண்டு அடி அடித்தேன். அவன் கையை இழுக்கவில்லை. கையைத் திறந்து வைத்தபடியே நின்றான். அந்தக் கையில் கயிறு உரசின காயம் இருந்ததை அடித்த பிறகுதான் கண்டேன்.

அடுத்த நாள் காலை அவனுடைய அம்மம்மா வந்தா. சண்டைக்கு வந்திருக்கிறா என்று நினைத்து நெஞ்சு அடித்தது. அவ கதவடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "ராவு முழுக்க வட்டைக்குள்ள ஆனை மனே. இவனும் தகப்பனும் விடிய மட்டும் வாடில காவல். தாய் குவைத்தில. அதான் சுணங்கிப் போறான். நீங்க அடிச்சாலும் பருவாயில்ல, அவனுக்கு நாலெழுத்தப் படிப்பிச்சு விடுங்க" என்றா. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல், வாடி என்றால் காவல் குடில். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏனென்று ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை. 'சுணங்கி வரக் கூடாது' என்ற விதியில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

பெற்றோர் அடிக்கச் சொன்னால் அடிக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் நம்புகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அம்மம்மா சொன்னது எனக்கு அனுமதி ஆகாது. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை சொல்கிறது. பாடசாலை ஒழுக்கம் பற்றிய 12/2016 சுற்றறிக்கையும் அதையே திரும்பச் சொல்கிறது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம், 1995 இலிருந்தே அந்தப் பிரிவு இருக்கிறது. 2021 இல் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஆசிரியர் காதில் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கு அது. அந்த ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். அதைப் பத்திரிகையில் வாசித்த அன்று அந்தப் பெடியனின் திறந்த கைதான் எனக்கு நினைவில் வந்தது. நான் அடிப்பதை நிறுத்தியது சட்டத்துக்குப் பயந்து அல்ல, அந்தக் கையைக் கண்டதால்தான். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு புதிய ஆசிரியரும் முதல் நாளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கல்லூரியில் சொல்லித்தான் தந்திருந்தார்கள். கோபம் வந்த நிமிடத்தில் சுற்றறிக்கை நினைவுக்கு வராது. ஆகவே அடிமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பிக்காதீர்கள். மேசை லாச்சிக்குள் வைத்துவிடுங்கள்.

அடிப்பதை விட்ட பிறகு எனக்கு மிஞ்சியது கத்துவது மட்டுந்தான். அடுத்த இரண்டு கிழமையும் காலை தொடங்கி 1.30 மணி வரைக்கும் கத்தினேன். அதன் முடிவுதான் தொடக்கத்தில் சொன்ன திங்கட்கிழமை. டவுணில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் இரண்டுதரம் சனல் பண்ணிக் காட்டினேன், மருந்தோடு 8,200 ரூபா. குரல்நாணில் தடிப்பு வந்திருக்கிறது, பேசாமல் இருந்தால் ஆறும், இப்படியே விட்டால் நிரந்தரமாகக் கரகரக்கும் என்றார். 9 பாடசாலை நாள் மருத்துவ லீவு. அவர் சொன்னதில் எனக்குத் தெரியாதிருந்த ஒன்று, குசுகுசுவென்று பேசுவதும் தொண்டைக்குக் கூடாதாம். நான் குரலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொன்னார், செருமுவதை விடச் சொன்னார். பெனர், பரிசு, வைத்தியம் மூன்றும் சேர்த்து 13,650 ரூபா. முதலாந்தவணைப் பரீட்சையில் 36 பேரில் 22 பேர் விஞ்ஞானத்தில் 35 க்குக் கீழே. எனக்கு உறைத்தது காசை விட அந்த 22.

லீவு முடிந்து வந்த கிழமை சத்தமாகப் பேசத் தடை. ஓய்வுப் பாடவேளைகளில் ஆசிரியர் அறையில் இருந்தால் கதைக்க வேண்டி வரும் என்று தரம் 2 வகுப்பின் பின்பக்கம் போய் இருந்தேன். அந்த வகுப்பு டீச்சர் 20 வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறவ. "இருங்க பிள்ள, கதைக்க வேணாம், சும்மா பாருங்க" என்றா. முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே நடந்துகொள்வது போல இருந்தது. இரண்டாம் நாள்தான் கவனித்தேன். அவ கதவடியில் நின்று உள்ளே வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. ஒருத்தனின் தலைக்கட்டைப் பார்த்து, "இன்னும் நோகுதா மகன்?" என்றா. பிள்ளைகள் வருமுன்னமே செய்ய வேண்டிய வேலை பலகையில் எழுதியிருந்தது. கொப்பி கொடுக்கிற முறையை அன்றைக்கு மூன்றுதரம் செய்வித்தா. "முன்னுக்கு இருக்கிற ஆள் எடுத்து, பின்னுக்குக் குடுக்கிற. திரும்பிப் பார்த்துக் குடுக்கிற, எறியிறதில்ல. இன்னொருக்காச் செய்வம்." சத்தம் கூடினபோது கையை உயர்த்திக்கொண்டு பேசாமல் நின்றா. ஒன்றிரண்டு பிள்ளைகள் கையை உயர்த்த, மற்றவர்கள் பார்த்து உயர்த்த, பத்து எண்ணுவதற்குள் வகுப்பு அமைதியானது. ஒரு சொல்லும் பேசவில்லை அவ.

கல்வியியற் கல்லூரியில் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்து 1970 இல் எழுதினவர். குழப்படி நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் குழம்பின வகுப்புக்கும் பெரிய வித்தியாசத்தை அவர் காணவில்லை. குழப்படி வருமுன்னர் ஆசிரியர் என்ன செய்துவைக்கிறார் என்பதில்தான் கண்டார். வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததுக்குத் தடங்கல் இல்லாமல் கொண்டுபோவது. பரீட்சையில் இதற்கு எனக்கு நல்ல புள்ளி. தரம் 2 வகுப்பின் பின்வாங்கில் இருந்துதான் அது எனக்கு விளங்கியது.

இரண்டாந்தவணை தொடங்கின நாள் பெனரைக் கழற்றினேன். பிள்ளைகளுக்கு முன்னாலேயே கழற்றி மடித்து வைத்துவிட்டு, "போன தவணை நான் செய்த சிலது பிழை. அடிச்சது பிழை. கத்தினது பிழை. இந்தத் தவணை வேற மாதிரிச் செய்வம்" என்றேன். அந்தப் பெடியனிடம் தனியே ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டால் பிள்ளைகள் தலையில் ஏறிவிடுவார்கள் என்று ஒரு சேர் எச்சரித்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் போடாமல் இரண்டு கேள்விக்கு எழுதச் சொன்னேன். இந்த வகுப்பில் நீ படிக்க இடைஞ்சலாக இருக்கிறது எது, நீ படிக்க உதவுகிறது எது. அன்றிரவு வீட்டில் 36 துண்டையும் வாசித்தேன். 'டீச்சர் கத்தினா வயித்தக் கலக்கும், படிச்சதும் மறந்து போகும்' என்று ஒன்று. 'ஏய் எண்டு கூப்பிடாதீங்க, எனக்குப் பேர் இருக்கு' என்று ஒன்று. 'பின்னுக்கு இருந்தா பலகை தெரியாது, அதான் கதைக்கிற' என்று நாலு பேர். பட்டப்பெயர் பற்றி 14 பேர் எழுதியிருந்தார்கள். என் 21 விதியில் பட்டப்பெயரே இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பில் மிகவும் நோகிற விஷயம் எதுவென்று தெரியாமலே விதி எழுதியிருந்தேன். நீங்கள் எந்த விதியும் எழுதுமுன்னர் இந்தத் துண்டுக் கடதாசி வேலையைச் செய்யுங்கள். ஒரு பாடவேளை போதும், செலவும் இல்லை.

அந்தத் துண்டுகளிலிருந்து, இரண்டு நாள் கதைத்து, நாலு விதி எடுத்தோம். மணி அடித்தால் இருக்கையில் இருந்து பலகையில் உள்ள வேலையைத் தொடங்குவோம். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்போம். எல்லாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். மற்றவரின் பொருளைக் கேட்டு எடுப்போம். நாலும் செய்ய வேண்டியதைச் சொல்வது, செய்யக் கூடாததை அல்ல. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் 'கதைக்காதே' என்றால் பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. 'பலகையில் உள்ளதைத் தொடங்கு' என்றால் தெரியும். ஐந்தாவதாக எனக்கு ஒரு விதி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். டீச்சர் மணிக்கு வருவா, கொப்பியை இரண்டு நாளில் திருத்தித் தருவா, கத்த மாட்டா. ஒத்துக்கொண்டு, பிறிஸ்டல் போர்ட் ஒன்றில் அவர்களைக்கொண்டே எழுதுவித்து ஒட்டினோம். 36 பேரும் கையெழுத்து வைத்தார்கள், நானும் வைத்தேன். அந்தத் தவணை இரண்டுதரம் கொப்பி திருத்தச் சுணங்கினேன். இரண்டுதரமும் போர்டைக் காட்டினார்கள். இரண்டுதரமும் மன்னிப்புக் கேட்டேன்.

எழுதி ஒட்டின உடனே வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், பெனரில் நான் விட்ட பிழை அதுதான். விதியை ஒரு பாடத்தைப் போலப் படிப்பிக்க வேண்டும். முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் பழக்கத்துக்கு ஒதுக்கினேன். உள்ளே வந்து இருப்பது, கொப்பி கொடுப்பது, குழுவாக மேசையைத் திருப்புவது, கையுயர்த்தினால் அமைதியாவது. கொப்பி கொடுக்க முதல் நாள் 4 நிமிடம் எடுத்தது. மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைப் பலகையில் எழுதினோம். இரண்டாம் கிழமை முடிய 1 நிமிடம் 10 செக்கன். தரம் 8 பிள்ளைகளுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும் என்று பயந்தேன். பெடியன்கள்தான் கூட ஆர்வம், "இன்னொருக்காப் பார்ப்பம் டீச்சர், ஒரு நிமிசத்துக்குள்ள முடிப்பம்" என்று. பாடத்திட்டம் பின்தங்கிவிடும் என்ற பயமும் இருந்தது. கணக்குப் பாருங்கள்: 40 நிமிடப் பாடவேளையில் 4 நிமிடம் கொப்பிக்கு, 5 நிமிடம் அடக்குவதற்கு, 3 நிமிடம் ஏசுவதற்கு என்றுதான் போன தவணை ஓடியது. கொடுத்த 10 நிமிடத்தை ஒரு மாதத்தில் திருப்பி எடுத்துவிட்டேன்.

விதியை மீறினால் என்ன செய்வது என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் பின்பற்றுகிற ஒழுங்கு இது. முதலில் பார்வை. பிறகு பாடத்தை நிறுத்தாமல் அந்த மேசைப்பக்கம் நடந்து போய் நிற்பேன், பத்தில் எட்டுத்தரம் இதோடு முடிந்துவிடும். அதற்கும் முடியாவிட்டால் குனிந்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்க, பெயரைச் சொல்லிச் செய்ய வேண்டியதைச் சொல்வேன். சொல்லிவிட்டு அங்கால போய்விடுவேன், நின்று முறைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அப்போதுதான் பிள்ளைக்கு மானம் போகாமல் மாறிக்கொள்ள ஒரு இடம் கிடைக்கும். மற்றவர்களுக்கு முன்னால் ஏசினால், பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் கூட்டாளிகளுக்காகவாவது எதிர்த்துத்தான் ஆகும். இன்னும் மிஞ்சினால் இடைவேளையில் தனியே கதை. முதல் கேள்வி "ஏன் செய்தாய்?" என்று இருக்கக் கூடாது, அதற்கு எந்தப் பிள்ளைக்கும் பதில் தெரியாது. "என்ன நடந்தது?" என்று கேளுங்கள், கதை வரும். வீட்டுக்கு அறிவிப்பது அதற்குப் பிறகு. ஒருவர் செய்ததுக்கு வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். போன தவணை செய்து பார்த்தேன், ஒழுங்காக இருந்த 30 பேரும் ஒரே நாளில் எனக்கு எதிராகிப் போனார்கள்.

பேனை, ரொபிக்குப் பதிலாக ஒரு காரியம் தொடங்கினேன். கிழமைக்கு மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லிக் கோல் எடுப்பது. முதல் கோலில் ஒரு தாய் என் குரலைக் கேட்டதும், "ஐயோ டீச்சர், அவன் என்ன செய்தவன்?" என்று பதறிவிட்டா. இன்றைக்குப் பரிசோதனை முடிந்து மேசையை அவனாகவே துடைத்து வைத்தான், அதைச் சொல்லத்தான் எடுத்தேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பள்ளிக்கூடத்தால இப்பிடி ஒருநாளும் எடுத்ததில்ல" என்றா. அடுத்த நாள் அவன் 7.15 க்கே வந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இதில் ஒரு கவனம் வேண்டும்: பொதுவாக "நல்ல பிள்ளை" என்று சொல்லாதீர்கள், கண்ட ஒரு செயலைச் சொல்லுங்கள். இடாப்பில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு 36 வீட்டுக்கும் சுற்று வருமாறு பாருங்கள். குழப்படி என்று பெயர் எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு முதல் சுற்றிலேயே எடுங்கள்.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று எழுதினால் பொய். கடைசி இரண்டு பாடவேளைகள், வெக்கையும் பசியும் சேர்ந்து, அந்த வருடம் முழுக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த நேரத்துக்கு விளக்கவுரையை விட்டுவிட்டு எழுத்து வேலையும் செய்முறையும் வைத்தேன், கொஞ்சம் குறைந்தது. பட்டப்பெயர் வகுப்புக்குள் நின்றது, வெளியே விறாந்தையில் நிற்கவில்லை. ஒரு பெடியனை என்னால் கடைசி வரைக்கும் நெருங்கவே முடியவில்லை. அவன் தரம் 9 க்குப் போனபோது அந்த வகுப்பாசிரியரிடம் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி ஒப்படைத்தேன். லீவு விட்டு வந்தால் பழக்கங்கள் பாதி மறந்துவிடும். மூன்றாந்தவணை தொடங்கியபோதும் ஒரு கிழமை திரும்பப் பழக்க வேண்டி இருந்தது. மாரி மழைக்குப் பாடசாலை பூட்டித் திறந்தாலும் அப்படித்தான். 'இவ்வளவு சொன்னேனே' என்று மனம் விடாமல் முதலிலிருந்து பழக்குங்கள், இரண்டாந்தரம் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

வகுப்பு கைமீறிப் போன நிலையில் இதை வாசிக்கிறவர் இருந்தால், தவணை முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம். அதற்கு முன்னர் உங்கள் பாடசாலையிலேயே சத்தம் போடாமல் படிப்பிக்கிற ஒருவரைத் தேடி, அவர் வகுப்பின் பின்னால் இரண்டு பாடவேளை இருந்து பாருங்கள். ஆரம்பப் பிரிவு டீச்சர்மாரை விட்டுவிடாதீர்கள். "எனக்கு என்ர வகுப்பு அடங்குதில்ல" என்று அவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொன்னபோது தரம் 2 டீச்சர் சிரிக்கவில்லை. "எனக்கும் முதல் வருசம் அப்பிடித்தான் பிள்ள" என்றா. அதை மாசி மாதமே கேட்டிருந்தால் அந்தக் கையில் அடிமட்டம் விழுந்திருக்காது.

சுணங்கி வருவதற்கு வகுப்பில் ஒரு ஒழுங்கு வைத்தோம். பின்கதவால் வந்து, இருந்து, வேலையைத் தொடங்க வேண்டும், காரணத்தை இடைவேளையில் வந்து சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஆடி மாதம், சின்னப்போக வெள்ளாமை முற்றின நேரம், ஊருக்குள் திரும்ப ஆனை வரத் தொடங்கியிருந்தது. ஒருநாள் 8.20 க்கு அந்தப் பெடியன் பின்கதவால் வந்தான். காலில் சேறு காய்ந்திருந்தது. வந்து இருந்து கொப்பியைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவன் தன் கொப்பியை மெல்ல அவன் பக்கம் நகர்த்தி, விட்டுப்போன படத்தை விரலால் காட்டினான். நான் பலகைப்பக்கம் திரும்பி, பாடத்தைத் தொடர்ந்தேன்.